தேவசகாயம் ஐயாவின் வலது கை

வங்கிக் கிளையில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் உங்களையும் யாராவது ஒரு வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். கையில் ஒரு ஸ்டாம்ப் பேட், ஒரு படிவம். வாடிக்கையாளர் படுக்கையில் கிடக்கிறார், கையெழுத்துப் போட முடியாது, போய்க் கைநாட்டு வாங்கி வாருங்கள் என்பார்கள். பத்து நிமிட வேலை. ஆட்டோவுக்கும் காசு கொடுத்துவிடுவார்கள். வங்கியில் இருந்த முப்பத்து மூன்று வருடத்தில் நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதில் ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். என் ஓய்வு விழாவில் இதைச் சொல்லவில்லை. சால்வை போர்த்தி, சுவீட் பாக்ஸைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கும்போது சொல்கிற விஷயமல்ல அது.

அப்போது நான் தெலுங்கு பேசும் ஊரில், மெட்டுகுடா கிளையில் அதிகாரி. தேவசகாயம் ஐயா எங்கள் வாடிக்கையாளர். பட்டான்செருவில் ஒரு ரசாயனக் கம்பெனியில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மௌலா அலியில் குன்றுக்குக் கீழே இரண்டு அறை வீடு. பென்ஷன் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஓய்வின்போது வந்த மொத்தத்தையும் எங்களிடம் டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, மாதாமாதம் வரும் வட்டியில் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். டெபாசிட் அவர் ஒருவர் பேரில்தான் இருந்தது. மாத முதல் வாரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். கிளையில் தமிழ் பேச நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதால் என் கவுண்டரில்தான் நிற்பார்.

ஒருநாள் செத்துப்போன அப்பாவின் லாக்கருக்காக அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் எங்கள் கிளையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வந்து நான் உட்கார்ந்தபோது, வரிசையில் நின்றிருந்த தேவசகாயம் ஐயா எனக்கு ஒரு கதை சொன்னார்.

ஓர் ஊரில் ஒரு மளிகை வியாபாரி. அவருக்கு மூன்று பிள்ளைகள். சாகும்போது வலது கையை இறுக மூடியபடி செத்துப்போனார். கட்டை விரல் உள்ளே, நான்கு விரல்களும் அதன் மேலே. உள்ளே ஏதோ இருக்கிறது என்றார்கள் எல்லோரும். புதையலின் சாவி என்றான் மூத்தவன். வைரம் என்றான் நடுவில் உள்ளவன். இளையவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எண்ணெய் தடவினார்கள், வெந்நீர் விட்டார்கள், விரல் பிரியவில்லை. ஒருவனை ஒருவன் நம்பாததால் மூன்று பேரும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கடை திறந்தது திறந்தபடி கிடந்தது. முதல் நாள் வாடிக்கைக்காரர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் நாள் சாமானைத் தாங்களே எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காசு வைக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் காலையில் கை தானாகப் பிரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் கடையிலும் ஒன்றும் இல்லை.

சொல்லும்போதே கவுண்டர் கண்ணாடியின் மேல் தன் வலது கையை வைத்து மூடிக் காட்டினார். கதை முடிந்த பிறகும் திறக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு, "உள்ளே என்ன வெச்சிருக்கீங்க ஐயா?" என்று கேட்டேன். அவர் கையைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் விரல்களைப் பிரித்தார்.

"எம்மகனுக்குச் சின்னதுல இருந்து இதச் சொல்லுதேன் மேடம். செத்தவன் கையப் பாத்துட்டு இருக்காத, கடையப் பாருன்னு. அவனுக்கு ஏறுச்சோ இல்லியோ" என்றார்.

எனக்குக் கதை பிடித்துப்போயிற்று. கவுண்டரில் சொத்துச் சண்டை போடுகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கைதட்டுகூட வாங்கினேன். அப்பன் விட்டுப்போனது பணமல்ல, நடத்த வேண்டிய ஒரு காரியம் என்று விளக்கமும் கொடுப்பேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு.

நான்கு வருடம் போயிருக்கும். இரண்டாயிரத்து எட்டின் கடைசி. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஆட்களைக் கும்பல் கும்பலாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் ஐயாவின் ஒரே மகன் சாமுவேலுக்கும் வேலை போயிற்று. மியாப்பூரில் பாதி கட்டி நின்ற அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தான். அதற்குக் கடன் கொடுத்தது எங்கள் கிளை. மூன்றாவது தவணையும் தவறினால் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியல் என்றால் எங்கள் மேனேஜருக்குத் தூக்கம் போய்விடும். நல்ல மனிதர்தான், ஆனால் பிரமோஷன் இன்டர்வியூ பக்கத்தில் இருந்தது.

தேவசகாயம் ஐயாவுக்கு மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்பதை மகன் சாம் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று படிவத்தோடு வந்திருந்தான். அந்தப் பணம் வந்தால் கடன் பாக்கி தீரும், பில்டரின் நெருக்கடியும் தீரும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போய்க் கைநாட்டு வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

விதி உங்களுக்குத் தெரியும். கைநாட்டுக்கு இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். என் முன்னிலையில் வைத்தார் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால் போதும், பணம் நகர்ந்துவிடும். அதன் பிறகு அந்த வீட்டில் அவருடைய மனைவி பாக்கியம் அம்மா எதைக் கொண்டு சாப்பிடுவார் என்று எந்தப் படிவமும் கேட்காது. சாம் கூட்டிவந்த ஆட்டோவில் ஏறியபோது நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பகல் பதினொரு மணி. வெளியே நல்ல வெயில், உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. இரும்புக் கட்டிலில் அவரைத் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். அறையில் மருந்து வாடை, பினாயில் வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது. மூடியிருந்தது. கட்டை விரல் உள்ளே, நான்கு விரல்களும் அதன் மேலே.

கவுண்டர் கண்ணாடியின் மேல் அவர் வைத்துக் காட்டிய அதே கை. சாம் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் அந்த ஸ்டோரி தெரியுமா மேடம்?" என்றான்.

"தெரியும்."

"ஸ்ட்ரோக் வந்த நாள்ல இருந்து இப்படித்தான். டாடி வேணும்னே மூடி வெச்சிருக்கார்னு தோணுது. என்னைத்தான் ஏதோ சொல்றார்" என்றான். முப்பது வயதுப் பையன், இன்ஜினியர். சொல்லும்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றுகொண்டான்.

படிவத்தைச் சத்தமாக வாசித்தேன். டெபாசிட்டை முடித்துப் பணத்தை மகனின் கடன் கணக்கில் சேர்க்கச் சம்மதமா என்று தமிழில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். திரும்பிப் பார்த்தேன், சமையலறைக்குப் போகும் வாசலில் ஒரு திரை தொங்கியது, ஆள் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடி அங்கேயே பார்த்தார், கண்ணைச் சிமிட்டாமல். காற்று இல்லாத அறையில் அந்தத் திரை மட்டும் கொஞ்சம் அசைந்தது. மூன்றாவது முறை எனக்குக் கேட்கத் துணிவில்லை.

"அவருக்கு எதுவும் புரியறதில்ல மேடம். எங்கயோ பாத்துட்டு இருப்பார்" என்றான் சாம். அப்பாவின் இடது கையை எடுத்து, கட்டை விரலைப் பேடில் ஒற்றி, படிவத்தில் அழுத்தினான். அந்தக் கை எதிர்க்கவில்லை. உதவவும் இல்லை. மையைத் துடைத்து விட்டதும் அது கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தது. விரலில் இருந்த மோதிரம் இரும்பில் பட்டு டக், டக் என்று ஒரே அளவில் சத்தம்.

"இது என்ன?"

"ஃபோர் மந்த்ஸா இப்படித்தான். மோஸ்ட்லி தூங்கறப்பதான் நிக்கும்" என்றான்.

நான் எழுந்து வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

கிளைக்குத் திரும்பும் வழியில் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கைநாட்டு இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு வட்டம் இருந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாமல் விரல் மட்டும் வந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. மேனேஜரிடம் காட்டினேன். அவர் அசரவில்லை. ரசாயனத்தில் புழங்கிய கை, ரேகை தேய்ந்திருக்கும், நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அப்படித் தேய்ந்த விரல்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் பேனாவை எடுத்தவள் போடவில்லை. மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க அங்க இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன் சார்."

"அவர் விரல்தானே?"

"அவர் விரல்தான். ஆனா அவர் வைக்கல. மகன்தான் வெச்சார்."

"எல்லா வீட்லயும் மகன்தான் கையைப் பிடிச்சு வைப்பான் மேடம். புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க மாதிரிப் பேசாதீங்க" என்றார்.

நாளைக்குப் போடுகிறேன் என்று படிவத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். என்னைத் தர்ம தேவதை என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கியம் அம்மாவின் சாப்பாட்டை நினைத்து நான் நிறுத்தவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கை, அந்தப் பார்வை, அந்தத் தட்டல். சாயங்காலம் வீட்டில் காப்பி டம்ளரை மேடையில் வைத்த சத்தத்துக்கே திடுக்கிட்டேன். காரணம் சொல்லத் தெரியாத பயம் வந்தால் நீங்களும் ஒருநாள் தள்ளிப் போடுங்கள். காரணம் பின்னால் வந்து சேரும், சில சமயம் வராமலும் போகும். எதற்கும் ஒருநாளில் குடி முழுகிவிடாது.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் மௌலா அலிக்குப் போனேன். பாக்கியம் அம்மா கதவைத் திறந்தார். அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எட்டு வருடமாக எங்கள் வட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பெண்மணியின் முகம் எனக்குத் தெரியாது.

"சாம் இன்டர்வியூக்குப் போயிருக்கானே மேடம்" என்றார்.

"நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"என்னையவா?" என்று கேட்டுவிட்டு, நம்பாமல் எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நேற்று ஏன் திரைக்குப் பின்னால் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"சாம்தான் அங்க நில்லுன்னான். நான் எதுக்க இருந்தா அவுக என்னையவே பாத்துட்டு இருப்பாக, நீங்க வாசிக்கிறதக் கேக்க மாட்டாகன்னு."

அப்படியானால் அந்த மனிதர் வெறுமனே எங்கேயோ பார்க்கவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், பதில் இருக்கும் இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். நான்தான் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"டெபாசிட் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"பேங்க்ல போட்டிருக்காகன்னு தெரியும். எவ்வளவுன்னு தெரியாது. ரெண்டு தடவ கேட்டிருக்கேன். ஒனக்கு எதுக்குன்னு சொல்லுவாக" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்ன மனிதர், தன் வீட்டில் கையை மூடித்தான் வைத்திருந்திருக்கிறார்.

அவருடைய வலது கைப் பக்கம்தான் நான் உட்கார்ந்திருந்தேன். நேற்று பிடிபடாத வாடை இப்போது பக்கத்திலேயே இருந்தது. குனிந்து பார்த்தேன். வாடை அந்தக் கைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"அம்மா, இந்தக் கையை யாரும் திறந்து பாக்கலையா?"

பாக்கியம் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஆஸ்பத்திரில ஒரு நர்ஸ் பிரிக்கப் பாத்தா. அலறிட்டாக. அதுக்கப்புறம் சாம் வேணாம்னுட்டான். தொடவே கூடாதுன்னுட்டான்."

"ஏன்?"

பாக்கியம் அம்மா என் பக்கமாகச் சாய்ந்து, கணவர் காதில் விழாதபடி சொன்னார்: "கதைல அந்தக் கை எப்பத் தொறக்கும் மேடம்? உசுரு போனப்புறந்தான தொறக்கும். நாமளாத் தொறந்தா அவுக போயிருவாகன்னு சாமுக்குப் பயம்." பிறகு, "எனக்குந்தான்" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் தோன்றாது. நானும் அதை நம்பினேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. இருந்தாலும் அந்த வாடையோடு என்னால் உட்கார முடியவில்லை. வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டேன். தேங்காய் எண்ணெயும் கேட்டேன். அகலமான பாத்திரத்தில் வெந்நீரைக் கொண்டுவந்து, கையை அதில் இறக்கி, எண்ணெய் தடவி நீவ ஆரம்பித்தோம். எண்ணெய், வெந்நீர். கதையில் பிள்ளைகள் பிணத்துக்குச் செய்ததை நாங்கள் இரண்டு பேரும் அதேபோல் செய்துகொண்டிருக்கிறோம் என்பது பாதியில்தான் எனக்கு உறைத்தது. பாக்கியம் அம்மாவுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். கையை விடாமல் உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. பாக்கியம் அம்மா மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக மடக்கி நீவியபோது விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. முதலில் சுண்டு விரல். பிறகு ஒவ்வொன்றாக. தேவசகாயம் ஐயாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்த இடது கை நின்றுவிட்டது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கையைப் பார்க்காமல் அவர் நெஞ்சைப் பார்த்தோம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தோம். அந்தக் கொஞ்ச நேரம் என் வாழ்க்கையில் நீண்ட நேரம்.

நெஞ்சு ஏறியது. பிறகு இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது.

அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தோம். நான்கு மாதமாக வெட்டாத நகங்கள் வளைந்து உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன. நான்கு இடத்தில் புண், ஒன்று ஆழமாகச் சீழ் பிடித்திருந்தது. வேறு ஒன்றும் அந்தக் கைக்குள் இல்லை.

பாக்கியம் அம்மா சத்தம் போட்டு அழவில்லை. கணவரின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நாலு மாசமாத் தட்டிட்டே இருந்தாகளே மேடம், நாலு மாசமாத் தட்டிட்டே இருந்தாகளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்தக் கதையைக் கைதட்டு வாங்குவதற்காகச் சொன்னவள் நான். நேற்று அதே கைக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, அதைக் கதையில் வரும் கையாகப் பார்த்தேனே ஒழிய, வலிக்கும் கையாகப் பார்க்கவில்லை. கதையில் மூன்று பிள்ளைகள் உண்டு, பிணம் உண்டு, கடை உண்டு. அந்த மூன்று நாளும் அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் ஒருநாளும் கேட்கவில்லை.

நகத்தை வெட்டினோம். டாக்டர் வந்து கட்டுப் போட்டார். மத்தியானமே தேவசகாயம் ஐயா தூங்கிப்போனார். தட்டல் அதோடு நின்றுவிட்டது என்று பாக்கியம் அம்மா பிறகு போனில் சொன்னார்.

டிராயரில் இருந்த படிவத்தை மேனேஜர் முன்னால் வைத்து, இதில் என் கையெழுத்து வராது என்று சொன்னேன். என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "சரி, நீங்க எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேட்டுட்டு வாங்க. ஆனா லோன் கெட்டுப்போனா விளக்கம் நீங்கதான் எழுதணும்" என்றார். நியாயமான பேச்சு.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறையாகப் போனேன். டாக்டரும் பக்கத்து வீட்டு ரயில்வேக்காரரும் உடன் இருந்தார்கள். பாக்கியம் அம்மாவைக் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சாம் சுவரோரம் நின்றான். ஆமாம் என்றால் கண்ணை மூடுங்கள், இல்லை என்றால் மூட வேண்டாம் என்று தேவசகாயம் ஐயாவிடம் சொன்னேன். இப்போது ராத்திரியா என்று கேட்டேன், மூடவில்லை. இவன் உங்கள் மகனா என்றேன், மூடினார். நான் கேட்பது அவருக்குப் புரிகிறது.

"டெபாசிட்டை முடிச்சுடலாமா?"

மூடவில்லை. பாக்கியம் அம்மாவைப் பார்த்தார்.

"பாக்கியம் அம்மா பேரையும் அதில் சேர்க்கணுமா? உங்களுக்குப் பிறகு அவங்களே எடுக்கிற மாதிரி?"

கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை. கேள்வியை மாற்றிப் போட்டு இன்னும் இரண்டு தடவை கேட்டேன், பதில் மாறவில்லை. எவ்வளவு தொகை என்று அவர் முன்னிலையிலேயே பாக்கியம் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இவ்வளவையும் வெச்சுக்கிட்டா ஒரு சேலை எடுத்ததுக்குக்கூடக் கணக்குக் கேட்டீக?" என்றார் கணவரிடம். தேவசகாயம் ஐயாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். இந்த முறை படிவத்தை நான் பிடித்துக்கொண்டேன், இடது கட்டை விரலை அவரே கொண்டுவந்து வைத்தார். இப்போதும் ரேகை விழவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் சாம் என்னை மறித்துக்கொண்டான். "எனக்கு ஜாப் இல்ல மேடம். ஃபிளாட் போயிடும். அம்மாவுக்கு ஒரு பேங்க் ஃபார்ம்கூட ஃபில் பண்ணத் தெரியாது. அவங்ககிட்ட போய்க் கொடுத்துட்டீங்க" என்றான். கெட்ட பையன் இல்லை அவன். மூழ்குகிறவன் கைக்கு எட்டியதைப் பிடிக்கத்தான் செய்வான்.

மார்ச்சில் அந்தக் கடன் கெட்டுப்போனது. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மூன்று பக்கம் எழுதினேன். அடுத்த பிரமோஷன் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் இதுதானா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேர்மையாக இருந்தால் பரிசு கிடைக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எந்தக் கிளையில் வேலை பார்த்தார் என்று விசாரியுங்கள். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். கைநாட்டு வாங்கப் போகும் வீட்டில், கட்டிலைச் சுற்றி நிற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தப் பணம் போனால் யார் சோற்றில் குறையும் என்று விசாரித்து, அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. வாடை வந்தால் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பாருங்கள்.

தேவசகாயம் ஐயா அந்த வெயில் காலத்தில், தூக்கத்தில் போனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். இரண்டு கைகளும் விரல் நீட்டி, நெஞ்சின் மேல் சாதாரணமாக இருந்தன.

ஒரு மாதம் கழித்துச் சாம் அம்மாவைக் கிளைக்கு அழைத்து வந்தான். சின்னக் கம்பெனி ஒன்றில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருந்தது. ஃபிளாட்டை விடவும் மனமில்லை. டெபாசிட்டை முடிக்கும் படிவத்தை அவனே நிரப்பிக் கொண்டுவந்திருந்தான். பாக்கியம் அம்மாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சட்டப்படி நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவர் பணம், அவர் மகன்.

பாக்கியம் அம்மா என் எதிரே உட்கார்ந்து, பேனாவைத் தொடாமல், "இத வாசிங்க மேடம்" என்றார்.

வாசித்தேன்.

"இன்னொரு தடவ."

வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நான் கையெழுத்துப் போடாட்டி என்னாகும்?"

"பணம் இங்கேயே இருக்கும். வட்டி மாசாமாசம் உங்களுக்கு வரும்."

"போட்டா?"

"இவர் கடனுக்குப் போயிடும்."

"ரெண்டுல எதுன்னு கேக்கது என்னையத்தானா?"

"உங்களைத்தான் அம்மா. வேற யாரையும் இல்ல."

"சைன் பண்ணும்மா, டைம் ஆகுது" என்றான் சாம்.

பாக்கியம் அம்மா மகனைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றார்.

மறுநாள் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் சாம்தான் போன் செய்தான். இரண்டு மூன்று விஷயம் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில், "அம்மா இன்னும் யோசிச்சுட்டு இருக்காங்க மேடம்" என்றான்.